சவாரி ஏறாதவருக்கும் சேர்த்துத் திட்டம் போடுங்கள்

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் நான் நடத்துவது ஒரு சின்ன போட்டோஸ்டேட் கடை. பள்ளி விடுமுறை நெருங்கினால் தீம் பார்க் டிக்கெட் அச்சடிக்க ஆட்கள் வர ஆரம்பித்துவிடுவார்கள். டிக்கெட் கைப்பேசியிலேயே இருந்தாலும், தோட்டத்துப் பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்கு அது தாளாகக் கையில் இருந்தால்தான் நிம்மதி. எனக்கும் அப்படித்தான். அச்சு இயந்திரம் ஓடுகிற நேரத்தில் பேச்சு தொடங்கும். "அக்கா, எந்த ஆப் நல்லது? புத்தகம் ஏதாவது வாங்கணுமா? யூடியூப் பார்த்தால் போதாதா?"

இந்தக் கேள்விகள் எனக்கு ரொம்பப் பிடிக்கும். பூங்கா வரைபடங்களையும் வழிகாட்டிப் புத்தகங்களையும் பல காலமாகச் சேர்த்து வைத்துப் படித்து வருகிறேன். ஆனால் நான் பதில் சொல்வதற்கு முன்னால் ஒன்று கேட்பேன்: உங்கள் குடும்பத்தில் சவாரி எதிலும் ஏறாமல் இருக்கப்போவது யார்?

பெரும்பாலும் பாட்டிதான். சில வீட்டில் மூட்டு வலிக்கிற தாத்தா, கர்ப்பமாக இருக்கிற மருமகள், இன்னும் உயரம் எட்டாத கடைக்குட்டி. நம் ஆட்கள் புருஷன், பெண்டாட்டி, இரண்டு பிள்ளைகள் என்று நாலு பேராகப் போவது குறைவு. வேன் எடுத்தால் மூன்று தலைமுறையும் ஏறும். ஆனால் கடையில் கிடைக்கிற வழிகாட்டிகளும் கைப்பேசியில் இறங்குகிற கருவிகளும் பெரும்பாலும் ஒரே கணக்கைத்தான் போடுகின்றன: ஒரு நாளில் எத்தனை சவாரி, எவ்வளவு குறைந்த காத்திருப்பு. அந்தக் கணக்கில் பாட்டி வருவதே இல்லை. அதனால் ஒரு வழிகாட்டி நல்லதா இல்லையா என்று பார்க்க நான் முதலில் வைக்கிற சோதனை, ஏறாதவருக்கு அது என்ன சொல்கிறது என்பதுதான்.

புத்தகத்திலிருந்தே தொடங்குகிறேன். ஆங்கிலத்தில் தடித்தடியாக வருகிற தீம் பார்க் வழிகாட்டிகளில் பெரும்பகுதி ஃபுளோரிடாவில் இருக்கும் வால்ட் டிஸ்னி வேர்ல்டுக்காக எழுதப்பட்டவை. அது 1971-இல் திறந்த இடம். சுமார் 100 சதுர கிலோமீட்டர் நிலத்தில் நான்கு தீம் பார்க், இரண்டு நீர்ப் பூங்கா, இருபதுக்கும் மேற்பட்ட ஹோட்டல்கள் என்று பரந்து கிடக்கிறது. அதற்குத் தடித்த புத்தகம் தேவைதான். 2005-இல் திறந்த ஹாங்காங் டிஸ்னிலேண்டு ஒரே ஒரு பார்க். சிங்கப்பூர் செந்தோசாவில் 2010-இல் திறந்த யுனிவர்சல் ஸ்டூடியோஸ் அதைவிடவும் கைக்குள் அடங்குகிற இடம். நம் ஊரிலிருந்து போகிறவர்களில் பெரும்பாலோர் போவது இந்த மாதிரி இடங்களுக்குத்தான். அவற்றுக்கு ஃபுளோரிடா புத்தகத்தின் நாள் திட்டத்தை அப்படியே எடுத்துப் போட்டால் சரிவராது.

இன்னொன்று, பழைய பதிப்பு. 2009-இல் மலேசியாவில் தொடங்கிய பிக் பேட் வுல்ஃப் மாதிரியான மலிவு விற்பனைகளில் பயணப் புத்தகங்கள் குவிந்து கிடக்கும். பத்துப் பதினைந்து வெள்ளிக்கு (ரிங்கிட்) வண்ணப் படத்தோடு வழிகாட்டி கிடைத்தால் யாருக்குத்தான் மனசு வராது? வாங்குங்கள், தப்பில்லை. ஆனால் முதலில் பதிப்புரிமைப் பக்கத்தைத் திருப்பி ஆண்டைப் பாருங்கள். ஃபுளோரிடா டிஸ்னியில் வரிசையைத் தாண்டிப் போகும் முறை எத்தனை தடவை மாறியது என்று பார்த்தாலே இதன் காரணம் புரியும். 1999-இல் ஃபாஸ்ட்பாஸ் என்ற இலவசச் சீட்டு முறை வந்தது. பிறகு அது கைப்பேசியிலும் கைவளையத்திலும் முன்பதிவு செய்கிற முறையாக மாறியது. 2020 பெருந்தொற்றோடு அதுவும் நின்றது. 2021 அக்டோபரில் ஜீனி பிளஸ் என்று காசு கட்டுகிற முறை வந்தது. 2024 ஜூலையில் அதுவும் போய் லைட்னிங் லேன் மல்டி பாஸ் வந்தது. 2018 பதிப்பைக் கையில் வைத்துக்கொண்டு "இது இலவசம்னு போட்டிருக்கே" என்று வாசலில் நின்றால் பயன் இல்லை.

அதே பழைய புத்தகத்தில் கெடாத பகுதிகளும் உண்டு. எந்தப் பகுதிக்கு அடுத்து எந்தப் பகுதி, எது இருட்டான சவாரி, எது உட்கார்ந்து பார்க்கும் நாடகம், எந்தச் சவாரி வயிற்றைப் பிரட்டும், எது மூன்று வயதுப் பிள்ளையை அழவைக்கும். இவை சட்டென்று மாறுவதில்லை. விலை, நேரம், முன்பதிவு பற்றிய அத்தியாயங்களை ஒதுக்கிவிட்டு இவற்றைப் படியுங்கள். புதிய பகுதிகள் மட்டும் அதில் இருக்காது. ஹாங்காங்கின் ஃபுரோசன் பகுதி திறந்தது 2023 நவம்பரில். தோக்கியோ டிஸ்னிசீயின் ஃபேன்டசி ஸ்பிரிங்ஸ் 2024 ஜூனில். பிள்ளைகள் கேட்பதே அந்த இடங்களைத்தான் என்பதால் இதைக் கவனிக்க வேண்டும்.

கடையிலோ ஈப்போ துன் ரசாக் நூலகத்திலோ புத்தகத்தைப் புரட்டும்போது நான் நேராகப் பின்பக்கச் சொல்லடைவுக்குப் போவேன். சக்கர நாற்காலி, முதலுதவி, பால் கொடுக்கும் அறை, சைவ உணவு, நிழல் என்று தேடுவேன். இந்தச் சொற்கள் இருந்து, ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று பக்கங்களாவது காட்டினால், எழுதியவர் குடும்பத்தோடு நடந்து பார்த்தவர் என்று நம்பலாம். நூறு சவாரிக்கு நட்சத்திரம் கொடுத்துவிட்டு உட்கார இடத்தைப் பற்றி ஒரு வரியும் எழுதாத புத்தகத்தை வைத்துவிடுவேன், அட்டை எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி.

அப்புறம் கருவிகள். எந்தச் சவாரிக்குப் பின் எந்தச் சவாரி என்று அடுக்குவது சின்ன விஷயம் மாதிரி தோன்றும். பத்துச் சவாரிகளை அடுக்க 36 லட்சத்து 28 ஆயிரத்து 800 வழிகள் இருக்கின்றன. ஒவ்வொரு சவாரிக்கும் காத்திருப்பு நேரம் மணிக்கு மணி மாறும். மனிதர் உட்கார்ந்து போடுகிற கணக்கு இல்லை இது. இதற்காகவே டூரிங்பிளான்ஸ் போன்ற தளங்கள் இருக்கின்றன. அவை முக்கியமாக அமெரிக்கப் பூங்காக்களுக்கானவை. ஆனால் அதில் எனக்குப் பிடித்த ஓர் அம்சத்தைச் சொல்ல வேண்டும். உங்கள் நடை வேகம் என்ன என்றும், காத்திருப்பைக் குறைக்கவா நடையைக் குறைக்கவா என்றும் அது கேட்கிறது. அந்த இரண்டாவது கேள்விதான் பாட்டிக்கானது. நீங்கள் எந்தக் கருவியைப் பயன்படுத்தினாலும் இந்தக் கேள்வியை நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள். பத்து நிமிடக் காத்திருப்பை மிச்சப்படுத்த பார்க்கின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு மூன்று தடவை நடப்பது இளவட்டங்களுக்குச் சரி. மூட்டு வலிக்காரருக்கு, நிழலில் உட்கார்ந்து இருபது நிமிடம் அதிகமாகக் காத்திருப்பதே மேல்.

ஆசியப் பூங்காக்களுக்கு நல்ல புத்தகங்கள் குறைவு. அங்கே அந்தந்தப் பூங்காவின் சொந்தச் செயலிதான் முதல் கருவி. ஹாங்காங், தோக்கியோ, சிங்கப்பூர் மூன்றுக்கும் செயலி உண்டு. காத்திருப்பு நேரம், காட்சி நேரம், வரைபடம் எல்லாம் அதில் இருக்கும். போகிற அன்று காலையில் இறக்காதீர்கள். இரண்டு வாரம் முன்னாலேயே இறக்கி, வீட்டில் உட்கார்ந்தபடி காலை பத்து மணிக்கும் மத்தியானம் இரண்டு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் எந்தச் சவாரிக்கு எத்தனை நிமிடம் காட்டுகிறது என்று பாருங்கள். நீங்கள் போகப்போகிற கிழமையிலேயே பார்ப்பது உத்தமம். இரண்டு சனிக்கிழமை இப்படிப் பார்த்தால், எந்தச் சவாரிக்குக் காலையிலேயே ஓட வேண்டும், எது மாலையில் தானாகக் காலியாகும் என்பது தெரிந்துவிடும். பழைய நாட்களின் பதிவும் வேண்டும் என்றால் கியூ டைம்ஸ் என்ற தளத்தில் ஹாங்காங், தோக்கியோ பூங்காக்களின் காத்திருப்பு நேரங்கள் கிடைக்கும். பராமரிப்புக்காக எந்தச் சவாரி எப்போது மூடியிருக்கும் என்பதைப் பூங்காவின் அதிகாரப்பூர்வத் தளத்தில் பாருங்கள். டிக்கெட் வாங்கும் முன் பார்க்க வேண்டிய பக்கம் அது.

யூடியூப் பற்றிக் கேட்கிறார்கள். பாருங்கள், ஆனால் சத்தத்தை நிறுத்திவிட்டுப் பாருங்கள். பேசுகிறவர் சவாரியைக் காட்டிக்கொண்டிருப்பார். நீங்கள் பின்னால் தெரிகிற தரையைப் பாருங்கள். படி இருக்கிறதா, சாய்தளம் இருக்கிறதா, வரிசை கூரைக்கு அடியிலா வெயிலிலா, உட்கார பெஞ்சு இருக்கிறதா. ஒரு மணி நேரக் காணொளியில் பாட்டிக்குத் தேவையான தகவல் அத்தனையும் ஓரத்தில் ஓடிக்கொண்டிருக்கும். கூகுள் மேப்ஸ் விமர்சனங்களிலும் இதே வேலையைச் செய்யலாம். புதியவை முதலில் வரும்படி அடுக்கிவிட்டு, மலாயில் 'கெருசி ரோடா', 'தெடூ' என்று தேடுங்கள். சக்கர நாற்காலியையும் நிழலையும் பற்றி நம் ஊர்க் குடும்பங்கள் எழுதியது வரும். எனக்குப் பெரிய விமர்சனக் கட்டுரைகளைவிட இந்த இரண்டு வரிக் குறிப்புகள்தான் உதவியிருக்கின்றன.

எந்த நாளில் எவ்வளவு கூட்டம் இருக்கும் என்று காட்டுகிற கூட்ட நாள்காட்டி என்று ஒன்று இணையத்தில் நிறையச் சுற்றுகிறது. அதைத்தான் நான் அதிகமாகச் சந்தேகிப்பேன், ஏனென்றால் அது யாருடைய பள்ளி விடுமுறையை வைத்துப் போடப்பட்டது என்பதைப் பொறுத்தே அதற்கு மதிப்பு. நம் நாட்டுக் கணக்கே சமீபத்தில் பலமுறை மாறியது. 2022 முதல் சில ஆண்டுகள் பள்ளித் தவணை மார்ச், பிப்ரவரி என்று தொடங்கி, 2026-இல்தான் ஜனவரிக்குத் திரும்பியது. ஜொகூரில் 2014 முதல் வார விடுமுறை வெள்ளியும் சனியும். 2025 ஜனவரி 1 முதல் மறுபடி சனியும் ஞாயிறும் ஆனது. இதனால் ஜொகூரின் இஸ்கந்தர் புத்திரியில் இருக்கும் லெகோலேண்டுக்குப் பழைய குறிப்பு ஒன்று "ஞாயிற்றுக்கிழமை போனால் உள்ளூர்க் கூட்டம் இருக்காது" என்று சொன்னால், அது காலாவதியான அறிவுரை. கெடா மாநிலத்தில் இன்னும் வெள்ளி, சனிதான் விடுமுறை. அங்கே சொந்தக்காரர்களோடு சேர்ந்து போகிறவர்கள் தேதி பேசும்போதே இதைப் பார்க்க வேண்டும்.

சிங்கப்பூருக்கு அவர்களுடைய பள்ளி விடுமுறையைப் பாருங்கள்: ஜூன் மாதம் கிட்டத்தட்ட முழுவதும், அப்புறம் நவம்பர் பின்பாதியிலிருந்து டிசம்பர் முடிய. ஹாங்காங்குக்குச் சீனத்து விடுமுறைகள்: சீனப் புத்தாண்டு, மே 1, அக்டோபர் 1 வாரம். ஜப்பானுக்கு ஏப்ரல் கடைசியிலிருந்து மே முதல் வாரம் வரை வரும் கோல்டன் வீக். தீபாவளிக்கு நமக்கு விடுமுறை, ஹாங்காங்குக்கும் ஜப்பானுக்கும் அது சாதாரண நாள். தீபாவளி வாரத்தில் வீட்டை விட்டு வெளியூர் போவதா என்று பெரியவர்கள் கேட்பார்கள், அது நியாயமான கேள்வி. அவர்கள் சம்மதித்தால் மட்டும் அந்த வாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

வானிலையையும் வழிகாட்டிப் புத்தகம் நமக்கு ஏற்றபடி சொல்லாது. நாம் வாழ்கிற மேற்குக் கரையில் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் மத்தியானத்துக்கு மேல் இடியோடு மழை பிடிக்கும். இடி, மின்னல் நெருங்கினால் திறந்தவெளிச் சவாரிகளை நிறுத்திவிடுவார்கள். சிங்கப்பூர், ஜொகூர் பக்கம் டிசம்பரும் ஜனவரியும் மழைக்காலம். 2022 பிப்ரவரியில் திறந்த கெந்திங் ஸ்கைவேர்ல்ட்ஸ் தீம் பார்க் சுமார் 6,000 அடி உயரத்தில் இருக்கிறது. அங்கே மழையோடு மூடுபனியும் சேரும். திட்டம் எதுவானாலும் திறந்தவெளிச் சவாரிகளைக் காலையில் முடித்து, கூரைக்குள் நடக்கும் காட்சிகளை மத்தியானத்துக்கு வையுங்கள். இந்த ஒரு மாற்றத்தைச் செய்தால் வெயிலுக்கும் மழைக்கும் சேர்த்தே ஏற்பாடு ஆகிவிடும்.

இப்போது உயரம். வீட்டுச் சுவரில் பிள்ளையை நிறுத்தி, அன்று போடப்போகிற சப்பாத்தோடு அளந்துவிடுங்கள். சிங்கப்பூர் யுனிவர்சலில் பேட்டில்ஸ்டார் கலாக்டிகாவுக்கு 125 சென்டிமீட்டர், மம்மி சவாரிக்கு 122, டிரான்ஸ்ஃபார்மர்ஸுக்கு 102. ஹாங்காங்கில் கிரிஸ்லி மலை ரயிலுக்கு 112. வாசலில் அளவுகோல் வைத்துப் பார்ப்பார்கள். கெஞ்சினாலும் விடமாட்டார்கள், விடவும் கூடாது. ஏற முடியாத சவாரியின் பெயரைப் பிள்ளையிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டால் அங்கே அழுகை பாதியாகக் குறையும்.

உயரம் எட்டாத பிள்ளை இருக்கிற குடும்பங்களுக்குப் பெரிய பூங்காக்களில் மாற்றி ஏறும் வசதி உண்டு. அம்மா வரிசையில் நின்று ஏறிவிட்டு வருவார், அதுவரை அப்பா பிள்ளையோடு இருப்பார். பிறகு அப்பா மறுபடி முழு வரிசையில் நிற்காமல் ஏறலாம். வரிசைக்குள் போகும் முன்பே ஊழியரிடம் கேட்க வேண்டும். எங்கள் பக்கத்துக் குடும்பங்கள் இதைக் கேட்பதே இல்லை. காரணம், பாட்டி இருக்கிறார். பிள்ளையைப் பாட்டியிடம் விட்டுவிட்டு எல்லாரும் ஏறிவிடுகிறார்கள். ஒரு தடவை என்றால் பரவாயில்லை. காலை முதல் மாலை வரை ஒவ்வொரு சவாரி வாசலிலும் பையும் பாட்டிலும் பிள்ளையுமாக அவர் நிற்கிறார் என்றால், அது அவருக்கு விடுமுறையா? பால்மரம் (ரப்பர்) வெட்டியும் செம்பனைத் தோட்டத்தில் உதிரி பொறுக்கியும் பிள்ளைகளை ஆளாக்கியவர்கள் இவர்கள். டிக்கெட்டுக்கு நாம் காசு கட்டிவிட்டோம் என்பதற்காக அங்கேயும் அவர்களை ஆயா வேலைக்கு வைக்கக் கூடாது. இதை நான் கடையில் நேராகவே சொல்கிறேன். சிலர் முகம் சுளிக்கிறார்கள். சொல்லாமல் இருக்க முடியவில்லை.

சரி, பாட்டிக்கு என்ன திட்டம்? முதலில் அவருக்கு எது பிடிக்கும் என்று அவரிடமே கேளுங்கள். ஊர்வலம், பாட்டும் ஆட்டமும், படகில் மெதுவாகப் போகிற சவாரி, பார்க்கைச் சுற்றும் ரயில், மிருகங்கள், பூச்செடி. காட்சி நேரங்களை முதலில் தாளில் எழுதி, இளையவர்களின் சவாரிகளை அவற்றுக்கு இடையில் பொருத்துங்கள். பெரும்பாலான திட்டமிடும் கருவிகள் இதைத் தலைகீழாகச் செய்கின்றன, அதனால்தான் கையால் போட வேண்டியிருக்கிறது. ஊர்வலத்துக்கு அரை மணி முன்னாலேயே நிழலான ஓரத்தில் அவரை உட்காரவைத்து, கூடவே ஒருவர் இருங்கள். அந்த ஒருவர் முறை வைத்து மாறட்டும்.

இனிப்பு நீர் (சர்க்கரை வியாதி) உள்ளவர்கள் இருந்தால் சாப்பாட்டு நேரம்தான் நாளின் அச்சாணி. பன்னிரண்டரைக்குக் கடை வரிசையில் நின்றால் சாப்பாடு கைக்கு வர ஒன்றே கால் ஆகிவிடும். பதினொன்றே காலுக்கே உட்கார்ந்துவிடுங்கள். உணவுப் பட்டியல் செயலியிலேயே இருக்கும். சைவமா, மாட்டிறைச்சி கலந்ததா என்பதை முதல் நாளே பார்த்துவிடலாம். இன்சுலின் வெயிலில் சூடேறக் கூடாது, குளிர்ப்பையில் வையுங்கள். முதலுதவி அறை எங்கே என்பதை வரைபடத்தில் வட்டமிட்டு வைப்பதும் அவசியம்.

கட்டண விவரத்தை நீட்ட வேண்டாம், அது மாறிக்கொண்டே இருக்கும். ஒன்று மட்டும்: வயதுப் பிரிவு இடத்துக்கு இடம் வேறு. சிங்கப்பூர் யுனிவர்சலில் 4 முதல் 12 வயது வரை சிறுவர், 60 வயதும் அதற்கு மேலும் முதியோர். ஹாங்காங் டிஸ்னிலேண்டில் சிறுவர் கட்டணம் 3 முதல் 11 வரை. உள்ளூர்ப் பூங்காக்களில் மைகார்டு (மலேசிய அடையாள அட்டை) விலை தனியாக இருக்கிறதா என்று பாருங்கள். மாற்றுத்திறனாளி அட்டை இருந்தால் அதையும் எடுத்துப் போங்கள்.

முதல் தடவை போகிற குடும்பத்துக்கு நான் சொல்வது, தூரத்துப் பார்க்குக்கு முன்னால் நம் பக்கத்திலேயே ஒரு நாள் போய்ப் பாருங்கள் என்பதுதான். 2004-இல் திறந்த தம்புன் லாஸ்ட் வேர்ல்டு தீம் பார்க் நம் ஊரிலிருந்து ஈப்போ வழியாகப் போனால் பக்கம்தான். சுண்ணாம்புக் குன்றுகளுக்கு நடுவில், வெந்நீர் ஊற்றும் இருக்கிறது. பிள்ளைகள் நீர்ச்சறுக்கில் விளையாடும்போது பெரியவர்கள் வெந்நீரில் கால் வைத்து உட்காரலாம். ஏறாதவருக்கும் உண்மையாகவே ஏதாவது வைத்திருக்கிற இடம் என்று நான் சொல்வது இதைத்தான். அந்த ஒரு நாளில் உங்கள் குடும்பத்தின் வேகம் தெரிந்துவிடும்: யார் எத்தனை மணிக்குக் களைக்கிறார்கள், யாருக்கு எத்தனை தடவை கழிவறை, எந்தப் பிள்ளைக்குச் சத்தம் ஆகாது. எந்தப் புத்தகத்திலும் இது இருக்காது. இதைக் குறித்து வைத்துக்கொண்டுதான் சிங்கப்பூர் திட்டத்தைத் தொட வேண்டும்.

கடைசியாக அந்தத் தாள். செயலி, புத்தகம், காணொளி எல்லாவற்றிலிருந்தும் எடுத்ததை ஏ4 தாள் ஒன்றில் ஒரு பக்கத்துக்குள் அடக்கிவிடுங்கள். தமிழில், பெரிய எழுத்தில். மேலே காட்சி நேரங்கள், சாப்பாட்டு நேரம், எல்லாரும் திரும்பச் சந்திக்கும் இடம், அதன் அருகில் தெரிகிற அடையாளம். கீழே இரண்டு பேருடைய தொலைபேசி எண், ஹோட்டல் பெயர் ஆங்கிலத்திலும் உள்ளூர் மொழியிலும், மருந்துப் பெயர்கள். கைப்பேசி மின்கலம் தீர்ந்தாலும் ரோமிங் வேலை செய்யாவிட்டாலும் இந்தத் தாள் இருக்கும். புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் எப்போதோ அனுப்பிய படத்தைத் தேடி எடுக்கப் பாட்டியால் முடியாது, தாளை மடித்துப் பையில் வைத்துக்கொள்ள முடியும். ஆளுக்கு ஒன்று என்று கணக்குப் போட்டு நகல் எடுங்கள், பிள்ளைகளுக்கும் சேர்த்து.

சிங்கப்பூர் போகிறவர்கள் வருகை அட்டையைப் பயணத்துக்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் இணையத்தில் நிரப்பிவிடுங்கள். சாலை வழியாகப் போனால் உட்லண்ட்ஸ், துவாஸ் இரண்டு சோதனைச் சாவடிகளின் போக்குவரத்துப் படங்களும் சிங்கப்பூரின் ஒன்மோட்டரிங் தளத்தில் தெரியும். ஜொகூர் பாருவை நெருங்கும்போது பார்த்து வழியை முடிவு செய்யலாம். நம் ஊரிலிருந்து எல்லை வரை சுமார் 550 கிலோமீட்டர். இரவு முழுக்க வேனில் உட்கார்ந்துவிட்டு விடிந்ததும் நேராகப் பார்க் வாசலில் நிற்கிற திட்டம் யார் கொண்டுவந்தாலும் நான் ஒத்துக்கொள்வதில்லை. ஈப்போவிலிருந்து நேரடி விமானம் இருக்கிறது, முடியாதவர்கள் ஜொகூர் பாருவில் ஒரு இரவு தங்குங்கள். அந்தச் செலவுக்கு வேண்டுமானால் வரிசையைத் தாண்டும் சீட்டை விட்டுவிடலாம்.

கடைக்கு வரும்போது அந்தத் தாளின் வரைவையும் கொண்டுவாருங்கள். டிக்கெட்டோடு சேர்த்து அதையும் உட்கார்ந்து பார்த்துத் தருகிறேன், அதற்குக் காசு கிடையாது.